அந்தி சாய்வதற்குள் ஒரு சாப்பாடு

பொங்கல் கழிந்த நான்காம் நாள் சுகுமாரி நெல் வண்டியிலிருந்து விழுந்தாள். மூட்டைகளின் மேல் ஏறி நின்று கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தபோது மாடு ஓரடி முன்னால் நகர்ந்தது. அவ்வளவுதான். களத்தில் கிடந்தபடி, "மாட்டை யாரும் அடிக்காதீங்க, அது இன்னா பண்ணும்" என்று அவள் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. பிறகு வலி வந்தது. வலது தொடை எலும்பு முறிந்திருந்தது.

அவளுடைய ஊர் பாலாற்றுக்குத் தெற்கே, செய்யாறு போகும் வழியில் இருந்தது. கணவர் ஜினகுமாருக்கு நான்கு காணி நிலம். தலைமுறை தலைமுறையாகச் சமணக் குடும்பம். வீட்டுக் கதவைக் கழற்றி, அதில் அவளைப் படுக்கவைத்து, ஒரு லாரியில் ஏற்றிக் காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நான்கைந்து பெரிய மனிதர்கள் சேர்ந்து நடத்திய தர்ம ஆஸ்பத்திரி அது. பெண்கள் வார்டில் பன்னிரண்டு கட்டில்கள். சுகுமாரிக்குக் கிடைத்தது ஒன்பதாம் கட்டில்.

டாக்டர் பஞ்சாட்சரம் நல்ல கைராசிக்காரர். எலும்பைச் சேர்த்துக் காலை நீட்டிக் கட்டி, கட்டிலின் கால்மாட்டில் ஓர் எடையைத் தொங்கவிட்டார். "எட்டு வாரம் அசையக் கூடாது" என்று ஜினகுமாரைப் பார்த்துச் சொன்னார். எட்டு வாரம் அசையாமல் இருக்க வேண்டியவள் கட்டிலில் படுத்துக்கொண்டு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வார்டை நடத்தியவள் ஜெயம்மாள் என்ற நர்ஸ். ஐம்பதை நெருங்கியவள். ஒல்லி, வேகமான நடை, பேச்சிலும் அதே வேகம். அவள் வார்டில் ஓர் எறும்பைப் பார்க்க முடியாது. யாருக்கும் படுக்கைப் புண் வந்ததில்லை. நோயாளிகளை எண் சொல்லித்தான் கூப்பிடுவாள். அதற்கும் காரணம் இருந்தது. ஒருமுறை ஒரே சமயத்தில் மூன்று காமாட்சிகள் வந்து படுத்து, ஒரு காமாட்சியின் ஊசி இன்னொரு காமாட்சிக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து பெயரே கிடையாது.

"இந்தாம்மா ஒம்போது, இது ஆஸ்பத்திரி. ஊட்ல மாதிரி நெனச்சபடி எதுவும் நடக்காது. சொன்னதைக் கேட்டா சீக்கிரம் போயிடலாம்" என்றாள் முதல் நாளே. எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னாள். சுகுமாரி தலையை ஆட்டினாள்.

வீட்டில் சுகுமாரி வாய் ஓயாமல் பேசுகிறவள். கறவை மாட்டிலிருந்து அறுவடை ஆட்கள் வரை அவள் குரலுக்குத்தான் நடப்பார்கள். இங்கே வந்த ஒரே நாளில் அந்தக் குரல் எங்கோ போய்விட்டது. ஒதுங்குவதற்குக்கூட இன்னொருத்தியைக் கூப்பிட வேண்டும் என்றால் மனிதருக்குக் குரல் எப்படி வரும்? உத்தரத்தைப் பார்த்தபடி கிடந்தாள். பதினேழு உத்தரங்கள். நடுவில் ஒன்றில் மட்டும் கரையான் அரித்திருந்தது.

அன்று ராத்திரி ஏழரை மணிக்குச் சாப்பாட்டு வண்டி வந்தது. சோறு, சாம்பார், ஒரு பொரியல். சுகுமாரி, "எனக்கு வேணாங்க" என்றாள். ஜெயம்மாள் கட்டிலில் தொங்கிய அட்டையில், இரவு உணவு மறுத்தார் என்று எழுதினாள்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே.

சுகுமாரியின் வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு யாரும் சாப்பிடுவதில்லை. அவள் பிறந்த வீட்டிலும் அப்படித்தான். நாற்பத்தாறு வயதுவரை அவள் ஒரு பருக்கையை விளக்கு வெளிச்சத்தில் வாயில் வைத்ததில்லை. ராத்திரி மாத்திரைக்கு மட்டும் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கலாம் என்று மாமியார் சொல்லி அனுப்பியிருந்தாள். ஆகவே மூன்று மணிக்குக் கிடைக்கும் ஒரு டம்ளர் காப்பிக்குப் பிறகு, மறுநாள் காலை ஏழு மணிக்குக் கஞ்சி வரும்வரை அவள் வயிறு காய்ந்தது. மத்தியானச் சோற்றில் பாதியைத் தலையணை பக்கத்தில் மூடிவைத்துப் பார்த்தாள். எலி வரும் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

யாரிடம் சொல்வது? பன்னிரண்டு பேருக்கு நடக்கிற ஒன்றைத் தனக்காக மாற்றச் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஜினகுமார் செவ்வாயும் சனியும் வருவார். அவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அறுப்பை விட்டுவிட்டுத் தினமும் சோற்று மூட்டையோடு பஸ் ஏறுவார் என்று அவளுக்குத் தெரியும். "நல்லாப் பாத்துக்கறாங்க, நீங்க நெல்லைப் பாருங்க" என்று அனுப்பிவைத்தாள்.

எட்டாம் நாள் டாக்டர் பஞ்சாட்சரம் அட்டையைப் புரட்டிப் பார்த்தார். கன்னம் ஒட்டியிருந்ததையும் கவனித்தார். "பசியே எடுக்கல போல. டானிக் ஒண்ணு எழுதறேன்" என்று ஜெயம்மாளிடம் சொன்னார். பழுப்பு நிறத்தில், வேப்பங்கொழுந்தைவிடக் கசப்பாக ஒரு டானிக். நாலு மணிக்கு இரண்டு அவுன்ஸ்.

அருமையான மருந்து அது. ஐந்து மணிக்கெல்லாம் சுகுமாரிக்கு வயிற்றுக்குள் யாரோ உரல் இடிப்பதுபோல் பசித்தது.

பத்தாம் கட்டிலுக்கு ரேணுகாம்பாள் வந்தது அதே வாரம்தான். பிள்ளையார்பாளையத்துக்காரி. கணவன் தணிகாசலம் பட்டு நெய்கிறவன். அவளுக்கு வயிற்றில் இருந்த ஒரு கட்டியை எடுத்திருந்தார்கள். மயக்கம் தெளிந்து கண் விழித்தவள் முதலில் பக்கத்துக் கட்டிலில் தொங்கிய எடையைத்தான் பார்த்தாள். "தறியில பாவு நூலை இழுத்துக் கட்டற மாதிரி காலை இழுத்துக் கட்டிக்கிறாங்களே" என்றாள். அதற்குப் பிறகு அவள் வாய் மூடவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம், தணிகாசலம் வந்துவிட்டுப் போனபின், அவள் மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

"யக்கா, நானும் பாத்துக்கினே இருக்கேன். மத்தியானம் வெங்காயத்தை மட்டும் ஒதுக்கிட்டுத் தட்டைத் தொடச்சி சாப்புடற. ராத்திரி ஆனா வேணாம்ன்ற. நான் வெறும் பார்லி தண்ணி குடிச்சிக்கினு அந்தச் சாம்பார் வாளியைப் பாத்து ஏங்கிக்கினு கெடக்கறேன். உனக்கு இன்னா கேடு?"

சுகுமாரிக்குச் சிரிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"கேடு ஒண்ணும் இல்லம்மா. நாங்க நயினாருங்க, சமணருங்க. பொழுது சாஞ்சா சாப்புட மாட்டோம்."

"அது ஏன்?"

"வெளக்கு ஏத்தினா பூச்சி வரும், சோத்துல விழும். நமக்குத் தெரியாமகூட ஒரு உசுரு போயிடக் கூடாதுன்னு."

ரேணுகாம்பாள் சற்று யோசித்தாள். "நல்ல விசயந்தான். அப்ப பசிக்காதா உனக்கு?"

"ஏன் பசிக்காது? முன்னாடியாவது கொஞ்சம் பசிச்சுது. இப்ப அந்த டாக்டரு டானிக்கு வேற குடுத்துட்டாரு. அது ரொம்ப நல்லா வேலை செய்யுது. ராத்திரி எல்லாம் சோறு சோறுன்னு வவுறு கத்துது. காலையில வந்து, பசி எடுக்குதான்னு பாக்கறாரு. எடுக்கலன்னு நெனச்சி இன்னும் அரை அவுன்சு கூட்டிட்டாரு."

ரேணுகாம்பாள் சிரிக்க ஆரம்பித்தாள். தையல் போட்ட வயிறு குலுங்கியது. "ஐயோ, சிரிக்க வெக்காத யக்கா, தையல் பிரிஞ்சிடும்" என்று இரண்டு கையாலும் வயிற்றை அமுக்கிக்கொண்டே சிரித்தாள். அதைப் பார்த்துச் சுகுமாரியும் சிரித்தாள். கால்மாட்டில் எடை ஆடியது. ஜெயம்மாள் விரைந்து வந்து, "ஒம்போது, பத்து, இன்னா இது?" என்று அதட்டியதும் இருவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"யாரு கிட்டயும் சொல்லாதம்மா" என்று சுகுமாரி கேட்டுக்கொண்டாள். "சொல்ல மாட்டேன்" என்றாள் ரேணுகாம்பாள்.

மறுநாள் காலை டாக்டர் ஒன்பதாம் கட்டிலுக்கு வந்து அட்டையைத் தூக்கிய உடனே, பத்தாம் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"டாக்டரய்யா, அந்த டானிக்கை நிறுத்துங்க. அந்தம்மா பசியில துடிக்குது. பொழுது சாஞ்சா சாப்புடறது அவங்க வழக்கத்துல இல்ல. நீங்க ஏழரைக்குச் சோறு போட்டா அது எப்படித் துன்னும்?"

டாக்டர் சுகுமாரியைப் பார்த்தார். முதல் தடவையாக அவளிடமே கேட்டார். "நெஜமாவாம்மா?"

"ஆமாங்க" என்றாள் சுகுமாரி.

டாக்டர் ஜெயம்மாளைப் பார்த்தார். ஜெயம்மாள் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையெழுத்துதான். இரவு உணவு மறுத்தார், இரவு உணவு மறுத்தார் என்று வரிசையாகப் பதினோரு வரி. ஒன்றுகூடக் கோணல் இல்லை. அழகான கையெழுத்து.

மற்றக் கட்டில்களையும் பார்த்து முடித்து டாக்டர் போனார். ஜெயம்மாள் மருந்து அறைக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு ஸ்டூல் இருந்தது. ஒன்பதாம் கட்டிலுக்குப் பக்கத்தில் அதைப் போட்டு உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து அந்த வார்டில் யாரும் பார்த்ததில்லை. பதினொரு கட்டில்களிலும் தலைகள் திரும்பின.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீங்கதான் மொத நாளே சொன்னீங்களே, ஊட்ல மாதிரி எதுவும் நடக்காதுன்னு."

"நான் சொன்னேனா?"

"ஆமாங்க."

ஜெயம்மாளுக்கு அது நினைவில் இல்லை. வருகிற எல்லோருக்கும் சொல்வதை எப்படி நினைவில் வைப்பாள்? ஆனால் படுத்திருப்பவள் அதைப் பதினோரு நாளாக நினைவில் வைத்துப் பட்டினி கிடந்திருக்கிறாள்.

"உம் பேரு இன்னா?"

"அட்டையில இருக்குதுங்களே."

"இருக்கட்டும், நீ சொல்லு."

"சுகுமாரி."

"சுகுமாரி" என்று ஜெயம்மாள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "சரி. எத்தனை மணிக்குள்ள சாப்புடணும்?"

"அஞ்சரைக்குள்ள ஆயிட்டா போதுங்க. ஆறி இருந்தாலும் பரவால்ல. வெங்காயம் மட்டும் நாங்க சேத்துக்கறதில்ல."

ஜெயம்மாள் எழுந்து நேரே சமையற்கட்டுக்குப் போனாள். அங்கே சிட்டிபாபு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எட்டு வருஷமாக அந்த ஆஸ்பத்திரிக்குச் சமைப்பவர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும்.

"சிட்டிபாபு, ராத்திரி சாப்பாடு எப்ப ரெடி ஆவுது?"

"அஞ்சு மணிக்கெல்லாம் ஆயிடுது நர்ஸம்மா."

"அப்புறம் ஏழரை வரைக்கும்?"

"மூடி வெச்சிக்கினு குந்திக்கினு இருக்கேன்."

"ஏன்?"

சிட்டிபாபு கீரையைக் கீழே வைத்தார். "ஏன்னா? நீங்கதான் சொல்லணும். நான் வந்த நாள்லருந்து ஏழரைதான். சாம்பாரு ஆறிப் பாழாப் போவுது. எனக்கு இன்னா, அஞ்சு மணிக்கே அனுப்பினா ஆறு மணிக்கு ஊட்டுக்குப் போவேன். எம் பொண்டாட்டி மொகத்தை வெளிச்சத்துல பாத்து வருசக்கணக்காவுது."

ஜெயம்மாள் டாக்டரிடம் போனாள். டாக்டர் ஆபீசில் கேட்டார். கடைசியில் தெரியவந்தது இதுதான்: சாயங்காலம் பார்க்க வருகிறவர்கள் நோயாளிகளின் சாப்பாட்டில் பங்கு போட்டுவிடுகிறார்கள் என்று, அவர்கள் எல்லோரும் போனபிறகு சோறு போடச் சொல்லி முன்னொரு காலத்தில் ஒரு மானேஜர் உத்தரவு போட்டிருந்தார். அந்த மானேஜர் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது.

"ஒம்போதுக்கு மட்டும் சீக்கிரம் குடுத்துடுங்களேன்" என்றார் டாக்டர்.

"சுகுமாரிக்கு" என்றாள் ஜெயம்மாள். "வேணாம் டாக்டர். அது மட்டும் தனியா சாப்புட்டா கூச்சப்படும். வார்டு பூரா அஞ்சேகாலுக்குப் போட்டுப் பாக்கறேன். பங்கு போட்டா போடட்டும்."

சனிக்கிழமை அது. ஐந்தேகாலுக்கு வண்டி உள்ளே வந்தபோது வார்டு நிறையச் சொந்தக்காரர்கள். தறியிலிருந்து நேரே எழுந்து வந்த தணிகாசலம் வழியில் நின்றுகொண்டு எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் சாம்பார் வாளியோடு மோதிக்கொண்டான். யாருடைய குழந்தையோ தட்டுகளை அடுக்கியது, இன்னொன்று கலைத்தது. மூன்றாம் கட்டிலில் ஒரு மருமகள் மாமியாருக்குச் சோற்றைப் பிசைந்து கொடுத்தாள். இரண்டு பேருக்கும் ஆகாது என்பது வார்டுக்கே தெரியும். சிட்டிபாபு வெங்காயம் போடாமல் தனியாக ஒரு கிண்ணம் சாம்பார் அனுப்பியிருந்தார். ஜெயம்மாள் சொல்லியிருந்தாள்.

சுகுமாரிக்குத் தட்டு வந்தபோது மேற்கு ஜன்னல் வழியாக வந்த வெயில் எதிர்ச்சுவரில் இருந்தது. அவள் அதை ஒருமுறை பார்த்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினாள். அந்த நேரத்தில் ஜினகுமார் கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு உள்ளே வந்தார். மனைவி சாப்பிடுவதைப் பார்த்து நின்றார்.

"இன்னிக்கித்தான் அண்ணே அவங்க ராத்திரிச் சோறு சாப்புடறாங்க" என்றாள் ரேணுகாம்பாள். அவளுக்கும் அன்று முதல் குழைந்த சோறு கிடைத்திருந்தது. "பதினோரு நாளா பட்டினி."

ஜினகுமாருக்கு முகம் சிவந்தது. "எங்கிட்ட நல்லா இருக்கேன்னு சொன்னியே."

"சொன்னா நீங்க தெனம் வருவீங்க. நெல்லு களத்துலயே கெடக்கும்."

"நெல்லு கெடந்தா கெடக்குது" என்றார். ஒரு பழத்தை உரித்து அவள் தட்டில் வைத்தார். ஊரில் யார் முன்னாலும் அப்படிச் செய்கிறவர் இல்லை. ரேணுகாம்பாள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். உடனே திரும்பிப் பார்த்தாள்.

அன்று யாரும் யார் சோற்றிலும் பங்கு போடவில்லை. ஒரு பெரியவர் மட்டும் மனைவியின் அப்பளத்தைத் தின்றார், அதுவும் அவளே கொடுத்தது.

திங்கட்கிழமை காலையில் ஜெயம்மாள் ஸ்டூலை எடுத்துக்கொண்டு முதல் கட்டிலிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொருத்தியிடமும் பெயரைக் கேட்டாள், பிறகு, "உனக்கு இங்க இன்னா கஷ்டம், சொல்லு" என்றாள். முதலில் வாய் திறந்தவள் நான்காம் கட்டில்காரி. தனக்கு ஒரு காது கேட்காது, எல்லோரும் அந்தப் பக்கமாகவே வந்து பேசுகிறார்கள் என்றாள். அதன்பின் வரிசையாக வந்தது. விடிகாலை நாலரை மணிக்கு எழுப்பி உடம்புச் சூடு பார்க்க வேண்டாம், கொஞ்சம் தூங்க விடுங்கள் என்றாள் ஒருத்தி. தலைக்கு எண்ணெய் வேண்டும் என்றாள் இன்னொருத்தி. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்த ஒரு பெண், எங்கே அறுப்பார்கள் என்று யாராவது சொன்னால் தேவலை, இரண்டு நாளாக வயிறு முழுக்கத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றாள். ரேணுகாம்பாள் வெற்றிலை கேட்டாள். அது மட்டும் கிடையாது என்றுவிட்டாள் ஜெயம்மாள்.

சுகுமாரியின் முறை வந்தது. இப்போது அவளுக்குக் குரல் திரும்பியிருந்தது.

"இந்த உத்தரத்தையே பாத்துக்கினு இருக்கேன். தலைமாட்டை மாத்திப் போட்டா ஜன்னல் தெரியும். முடியுங்களா?"

எடையோடு சேர்த்துக் கட்டிலைத் திருப்புவது சாதாரண வேலை இல்லை. நான்கு ஆட்கள் கட்டிலைப் பிடிக்க, டாக்டர் பஞ்சாட்சரமே எடையை ஆடாமல் கையில் ஏந்திக்கொண்டார். "மெள்ள, மெள்ள" என்று அவர் சொல்ல, சாமி பல்லக்கு மூலையில் திரும்புவதுபோல் ஒன்பதாம் கட்டில் அங்குலம் அங்குலமாகத் திரும்பியது. பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். திரும்பி முடிந்ததும் சுகுமாரிக்குத் தெரு தெரிந்தது. ஒரு சைக்கிள் கடை, ஒரு புளியமரம், கயிற்றில் காயும் சிவப்பும் பச்சையுமான பட்டு நூல். அன்று முழுதும் அவள் அதைப் பார்த்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். யார் கடைக்கு வந்தார்கள், யாருடைய சைக்கிள் பஞ்சர், எல்லாம்.

ஒரு வாரத்தில் ஆண்கள் வார்டிலிருந்து கோரிக்கை வந்தது. தங்களுக்கும் ஐந்தேகாலுக்கே வேண்டுமாம். சிட்டிபாபு சந்தோஷமாக ஒத்துக்கொண்டார்.

ரேணுகாம்பாள் மாசியில் வீட்டுக்குப் போனாள். போனவள் வாரம் இரண்டு முறை வந்துவிடுவாள். சுகுமாரிக்குத் தலை வாரிவிட்டு, தெருக்கதை எல்லாம் சொல்லிவிட்டுப் போவாள். பங்குனி பிறந்து திருவிழா மேளச் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்க ஆரம்பித்த ஒரு நாள், டாக்டர் எடையை அவிழ்த்தார். இரண்டு ஊன்றுகோல்கள் வந்தன. ஜெயம்மாள் ஒரு பக்கம், ரேணுகாம்பாள் ஒரு பக்கம்.

"எங்க போவணும் சுகுமாரி? ஜன்னல் வரைக்கும் போலாமா?" என்றாள் ஜெயம்மாள்.

"சமையக்கட்டு எங்க இருக்குது?"

"அது அந்தக் கோடி. அவ்ளோ தூரம் இன்னிக்கே வேணாம்."

"மெள்ளப் போறேனே."

கட்டிலுக்குக் கட்டில் நின்று நின்று, வார்டைத் தாண்டி, தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் மூச்சு வாங்கி உட்கார்ந்து, மறுபடி எழுந்து போனார்கள். சமையற்கட்டு வாசலில் சிட்டிபாபு கரண்டியோடு நின்றார். எட்டு வாரமாக அவர் கைச்சோற்றைத் தின்றவள் அவரை அன்றுதான் பார்த்தாள். பெரிய மீசையோடு ஓர் ஆஜானுபாகுவை அவள் கற்பனை செய்து வைத்திருந்தாள். இவர் அவள் தோள் உயரம்கூட இல்லை.

"நீங்கதானா அந்த அம்மா?" என்றார். அவசரமாக ஒரு மணையை எடுத்து, பிறகு அதில் அவளால் உட்கார முடியாது என்று உணர்ந்து, மாவு டப்பாவை நகர்த்தி அதன்மேல் துணியைப் போட்டார். "குந்துங்கம்மா. சாப்பாடு எல்லாம் சரியா இருந்துச்சா?"

"எல்லாம் நல்லா இருந்துச்சு."

"நெஜமாச் சொல்லுங்க. இத்தனை வருசமா வடிச்சிக் கொட்டறேன். தட்டு போவுது, தட்டு வருது. ஒருத்தரும் ஒரு வார்த்தை சொன்னதில்ல."

சுகுமாரி ஜெயம்மாளைப் பார்த்தாள். சொல்லு என்பதுபோல் ஜெயம்மாள் தலையசைத்தாள்.

"கீரை ரொம்ப நல்லா இருக்குது. எங்க ஊட்லகூட அப்படி வராது" என்றாள் சுகுமாரி. "ஆனா சாம்பார்ல புளி ஜாஸ்தி. பருப்பும் சரியா மசியறதில்ல."

ரேணுகாம்பாள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிட்டிபாபுவின் முகம் மலர்ந்தது. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சாம்பாரிலிருந்து ஒரு கரண்டி மொண்டு, கிண்ணத்தில் ஊற்றி, ஊதி ஆற்றினார்.

"வெங்காயம் இன்னும் போடல. தைரியமா ருசி பாருங்க, இன்னும் இன்னா போடணும்னு சொல்லுங்க" என்று நீட்டினார்.

மணி நாலரைகூட ஆகவில்லை. முற்றத்தில் நல்ல வெயில். சுகுமாரி ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.